துங்கேஸ்வரி குகையில் அம்மா

அம்மாவைப் புத்தகயாவுக்கு அழைத்துப் போவதாகத் தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தச் சொல்லை நான்தான் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். கேட்டால், "மதியத்துக்கு மேல சாப்பிடாம சீலம் காக்கிறேன்" என்று பௌத்த நோன்பைச் சொல்வாள். அது சீலமில்லை, துக்கம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் மகாபோதி ஆலயத்தில் மனசு நிறையவில்லை. டிசம்பர் கூட்டம். செல்போனை ஒப்படைக்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. கருவறையில் பகவன் புத்தரின் பொன்முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிவிட்டார்கள். போதிமரத்தடியில் உட்கார இடமில்லை. வெளியே வந்தால், கூப்பிடாமலே கூட வரும் கைடுகள், இலை விற்கிறவர்கள். தானாக உதிரும் போதி இலைக்குப் பேரம் நடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் அம்மாவை இழுத்து வந்தோம் என்று அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் துங்கேஸ்வரி மலைக்குப் போனோம். ஞானம் பெறுமுன் பகவன் ஆறு வருஷக் கடுந்தவம் இருந்த இடமென்று வழிவழியாகச் சொல்லப்படும் குகை அங்கேதான் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். வழியெல்லாம் கைநீட்டும் பிள்ளைகள் வேறு. "திரும்பிடலாம்மா" என்று இரண்டு முறை சொன்னேன். பதிலே இல்லை.

குனிந்துதான் குகைக்குள் நுழைய முடியும். உள்ளே இருட்டு, மெழுகுவர்த்திப் புகை, புழுக்கம். எதிரே பொன்னிறத்தில் எலும்பும் தோலுமான சித்தார்த்தர். குழிவிழுந்த கண், முதுகோடு ஒட்டிய வயிறு, எண்ணிவிடலாம் போல விலா எலும்புகள்.

அம்மா வணங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காற்றிலேயே விரலை நகர்த்தி அந்த விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கடைசி மாதங்களில் தம்பியை ஈரத்துணியால் துடைத்துவிட்டவள் அவள்தான். அவன் உடம்பும் இப்படித்தான் ஆகியிருந்தது.

"கோதமியம்மா பார்த்திருந்தா தாங்கியிருப்பாளா?" என்றாள். பெற்ற மாயாதேவி ஏழாம் நாளே போய்விட, பாலூட்டி வளர்த்தவள் பஜாபதி கோதமிதானே.

அப்புறம் அழுதாள். தம்பியை எடுத்துப்போன நாளுக்குப் பிறகு அம்மா வாய்விட்டு அழுது அன்றுதான் கேட்டேன். பின்னால் ஆட்கள் முண்டியடித்தார்கள். எந்த நாட்டவரோ, வயதான ஒரு பிக்கு வாசலில் கையைக் குறுக்கே நீட்டி அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு மொழியில்லை. அவர் எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டும். இன்றும், எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் மைத்திரி தியானத்தில் அம்மாவுக்கு அடுத்து அவர் முகம்தான் வருகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "இவ்ளோ தூரம் போனவரு எந்திரிச்சு வந்து சாப்பிட்டாரே."

திரும்பும் வழியில் சுஜாதை பெயரால் நிற்கும் செங்கல் ஸ்தூபியையும் பார்த்தோம். நிரஞ்சனை ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. சுஜாதை கொடுத்த பால்சோற்றைப் பகவன் 49 கவளமாக்கி உண்டார் என்ற கதையை நான் ஆரம்பித்தேன், அம்மா முடித்தாள். தவத்தை விட்டுச் சாப்பிட்டுவிட்டார் என்று, கூடத் தவமிருந்த தோழர்கள் ஐவரும் கைவிட்டுப் போனதைச் சொல்லும்போது, "போகட்டும், பிறகு அவங்களுக்குத்தானே முதல்ல உபதேசம் பண்ணாரு" என்று சிரித்தாள். பகவன் உபதேசித்த நான்கு உண்மைகளை எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறேன். துக்கம் நீங்கும் என்கிற மூன்றாவதை அந்தச் சிரிப்பில்தான் நேரில் கண்டேன். பகவனே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

அன்று மாலை மரத்தடியில் இடம் கிடைத்தது. கூட்டம் அதே கூட்டம்தான், ஆனால் இடம் கிடைத்தது. புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலமும் அம்மா உரக்கச் சொன்னாள். புண்ணியத்தைத் தம்பி பேர் சொல்லி அவனுக்குக் கொடுத்தாள். குரல் உடையவில்லை.

தங்கியிருந்த இடத்தில் இரவு எனக்கு மட்டும் சாப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ஒரு தட்டு சொல்லு கண்ணு" என்றாள் அம்மா.