மூன்று குட்டிகளும் ஒரு தீவனத் தொட்டியும்

ஜனவரி 6

விடியற்காலையில் எங்கள் ஆடு வெள்ளச்சி குட்டி போட்டுவிட்டாள். மூன்று. சினைக்காலம் 150 நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், கொஞ்சம் முந்திக்கொண்டாள். முதல் இரண்டும் கிடா, கடைசியாக விழுந்தது பெட்டை. செவலை, கரியன், நெற்றியில் வெள்ளையோடு சுட்டி. பெயர் வைக்க அதிகம் யோசிக்கவில்லை.

தொப்புள்கொடியை அயோடினில் நனைத்துவிட்டு உடனே மடியில் விட்டேன். பிறந்த குட்டிக்குச் சொந்தமாக எதிர்ப்புச் சக்தி என்று பெரிதாக எதுவும் இருக்காது, சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள். ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் குடலுக்கு அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளத் தெரியாது. காம்பு இரண்டு, வாய் மூன்று என்பதால் சுட்டியைக் கையில் பிடித்தே குடிக்க வைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 11

துள்ளல் தொடங்கிவிட்டது. கரியன் சும்மா நின்றுகொண்டிருந்தான். திடீரென்று நான்கு காலும் ஒன்றாக மேலே போனது. அந்தரத்தில் இடுப்பை ஒரு பக்கமும் தலையை மறு பக்கமும் முறுக்கினான், விறைத்த கால்களோடு இறங்கினான். இறங்கியதும் ‘யார் இதைச் செய்தது’ என்பதுபோல் அவனே திகைத்துப் பார்த்தான். அப்புறம் மறுபடியும். இதைப் பார்த்துக்கொண்டே நின்றால் காலை வேலை ஒன்றும் ஓடாது.

சுட்டிக்குப் புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுக்கிறேன். உடம்புச் சூட்டில் பால், கழுத்து சற்று மேலே, அவ்வளவுதான். குட்டி தானாக உறிஞ்சும்போது பால் முன்வயிற்றில் இறங்காமல் நேராக நான்காவது வயிற்றுக்குப் போகும்படி உள்ளே ஒரு வழி இருக்கிறது. வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து. எவ்வளவு அவசரமானாலும் அதைச் செய்வதில்லை.

ஜனவரி 25

எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயது. சட்டைப் பொத்தான், முந்தானை, துடைப்பம், என் காது. மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான். அதனால் வலிக்காது, ஈரம்தான் மிச்சம்.

இளந்தழையைக் கொத்தாகக் கட்டி உயரத்தில் தொங்கவிட்டேன். ஆடு தரையைவிட மேலே இருப்பதைத்தான் விரும்பித் தின்னும். இப்போது கடிப்பது வயிறு நிறைய அல்ல. இந்தக் கொஞ்சம் தழையும் உலர்ந்த புல்லும் உள்ளே போனால்தான் அசைபோடும் வயிறு வளரும். பாலை மட்டும் குடித்துக் கொழுத்த குட்டி பால் மறக்கும்போது தள்ளாடும்.

முற்றத்தில் ஒரு மரக்கட்டை, பாதி புதைத்த பழைய டயர், ஒரு தட்டையான கல். உச்சியில் யார் நிற்பது என்று நாள் முழுக்கப் போட்டி. செவலை ஏறி நிற்பான், கரியன் முட்டித் தள்ளுவான், இருவரும் சண்டை போடும் நேரத்தில் சுட்டி ஏறிவிடுவாள்.

வாளியை எடுத்துவிட்டு ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தேன். குட்டி தலைகீழாக விழக்கூடிய எதுவும் கொட்டிலில் இருக்கக் கூடாது. தொங்கும் கயிறும் கூடாது.

பிப்ரவரி 9

காலையில் கட்டை மேல் இரண்டு பேர்தான். செவலை ஓரமாக முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். பால் குடித்தான், கூப்பிட்டால் திரும்பினான், ஆனால் விளையாட வரவில்லை. வெப்பமானி 39.4 காட்டியது, ஆட்டுக்கு அது சாதாரணம்தான். வால் அடியில் மட்டும் ஈரம்.

எனக்கு அந்த ஒரு அறிகுறியே போதும். பசி கெடுவதற்கு முன்னால் விளையாட்டுத்தான் நிற்கும். மதியத்துக்குள் கழிச்சல் ஆரம்பித்தது. மருத்துவர் சாணத்தைப் பரிசோதித்துவிட்டு ரத்தக் கழிச்சல் என்றார், காக்சிடியா கிருமி. குட்டிகளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஐந்து மாதம் வரை இதன் தொல்லை அதிகம். மருந்து கொடுத்தாயிற்று, உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் அடிக்கடி.

கிருமி பரவும் வழி சாணம் பட்ட தீவனமும் தண்ணீரும். மூன்று பேருக்கும் பிடித்த விளையாட்டிடம் எது? தீவனத் தொட்டி. உள்ளே குதிப்பது, சுற்றுவது, அங்கேயே புழுக்கை போடுவது, பிறகு அதிலிருந்தே தின்பது. சாயங்காலமே தொட்டியைச் சுவரில் உயர்த்தி, தலை மட்டும் நுழையும்படி முன்னால் பலகைச் சட்டம் அடித்துவிட்டேன். ஈரமான படுக்கையை அள்ளிவிட்டுச் சுண்ணாம்பு தூவி, காய்ந்த வைக்கோல் பரப்பினேன்.

தொட்டி போய்விட்டது என்று விளையாட்டையே அடக்க முடியாது. அதனால் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பலகை கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

செவலை ஒரு தடவை துள்ளினான். அரைகுறைத் துள்ளல்தான். மருந்தை நிறுத்தவில்லை, சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

மார்ச் 15

அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். கரியனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதும் அவன் திருப்பித் தள்ளுவதும் இருவருக்கும் ஒரே குஷி.

“டேய், நெத்தியிலே கை வைக்காதே.”

“அத்தை, அவன்தான் முதல்ல முட்ட வர்றான்!”

“வரட்டும். நீ நகர்ந்துடு. கழுத்துக்குக் கீழே சொறிஞ்சு விடு.”

கிடாக்குட்டிக்கு மனிதனும் முட்டுவதற்கு ஓர் ஆள்தான் என்று பழக்கிவிட்டால், கொம்பு வளர்ந்து எடை ஏறிய பிறகு அவன் அதே விளையாட்டைத்தான் விளையாடுவான். விளையாட்டுக்குத்தான் இடிக்கிறான் என்பது அடிபட்டவருக்கு ஆறுதலாக இருக்காது. பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் சாய்வுப் பலகையில் மூன்று குட்டிகளோடு அவனும் ஏறிக்கொண்டிருந்தான். சரி, அது பரவாயில்லை.

ஏப்ரல் 7

மூன்று மாதம் முடிந்தது. இன்று கிடாக்கள் இரண்டையும் தனிப் பட்டிக்கு மாற்றினோம். போன வாரத்திலிருந்தே கரியன் விளையாட்டு என்ற பெயரில் சுட்டி மேல் ஏறப் பார்க்கிறான். மூன்று நான்கு மாதத்திலேயே கிடாவால் சினைப்படுத்த முடியும். தங்கை, தாய் என்ற பேதமெல்லாம் அவனுக்கு இல்லை. குட்டி உடம்பில் சினை நின்றால் அவளும் வளரமாட்டாள், வயிற்றில் இருப்பதும் தேறாது.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் இன்று போட்டாயிற்று. ஊசிக்குக் கத்தியதைவிடப் பிரித்ததற்குத்தான் கத்தல் அதிகம். வெள்ளச்சி மட்டும் பாலுக்கு முட்டும் தொல்லை குறைந்தது என்ற நிம்மதியில் அசைபோட்டபடி படுத்துவிட்டாள்.

மாலையில் பார்த்தால் சுட்டி, படுத்திருந்த தாயின் முதுகில் ஏறி நின்று தடுப்பு வேலியின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு கம்பி ஏற்ற வேண்டும். இருட்டுவதற்குள் முடித்துவிட்டால் தேவலை.