நூலகத்துக்கு அடியில் ஒரு மைதானம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரெகன்ஸ்டைன் நூலகத்தில் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். 1960களில் பி.எல். 480 திட்டத்தில் (அமெரிக்க உணவு தானியத்துக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில் நூல் வாங்கி அனுப்பிய திட்டம்) கப்பலேறி வந்த நூல்கள்தான் அதிகம். பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடிப்பொடியாக மேசையில் உதிரும். ஒரு நாள் அந்தத் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த பெரியவர் தரையைக் காலால் தட்டிக் காட்டி, இந்த இடம் முன்பு ஃபுட்பால் மைதானம் என்றார்.

நம்மூர்க் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அன்றிலிருந்து மதிய இடைவேளைகளில் அந்த அணியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1892இல் பல்கலைக்கழகம் திறந்தபோதே அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பயிற்சியாளராக வந்துவிட்டார். முதல் ஆண்டில் அவரும் களத்தில் இறங்கி ஆடினார். மொத்தம் 41 ஆண்டுகள் அவர்தான் பயிற்சியாளர். மைதானத்துக்கே பிற்பாடு அவர் பெயரை வைத்தார்கள். தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோற்காத மிச்சிகன் அணியை 1905இல் இதே மண்ணில் 2-0 என்று மடக்கினார்கள். எதிரணி ஆட்டக்காரரை அவருடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தினால் 2 புள்ளி கிடைக்கும். அந்த ஒரு பிடிதான் ஆட்டத்தையே முடித்தது.

ஜே பெர்வாங்கர் இங்கே படித்தவர். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும், இன்று ஹைஸ்மன் கோப்பை என்று அழைக்கப்படும் விருதை 1935இல் முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். மறு ஆண்டு, தொழில்முறை அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்வில் முதல் பெயரும் அவருடையதே. ஆனாலும் அவர் தொழில்முறையில் ஆடப் போகவில்லை. அந்தக் கோப்பை கொஞ்ச காலம் அவருடைய அத்தை வீட்டில் கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டதாம். இப்போது வளாக விளையாட்டரங்கில் கண்ணாடிக்குள் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது 1939தான். மைக்ரோஃபிலிம் கருவியின் கைப்பிடியை மெல்லச் சுற்றச் சுற்ற, மங்கலான திரையில் வாரம் ஒரு தோல்வி நகர்ந்து வந்தது. ஹார்வர்டிடம் 61-0. மிச்சிகனிடம் 85-0. வர்ஜீனியாவிடம் 47-0. ஒஹாயோ ஸ்டேட்டிடம் மறுபடி 61-0. இல்லினாயிடம் 46-0. இடையில் வாபாஷ், ஓபர்லின் என்ற சிறு கல்லூரிகளை மட்டும் ஜெயித்தார்கள். மற்ற பல்கலைக்கழகங்கள் ஆட்டத்துக்காகவே பையன்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயோ படிக்க வந்த பிள்ளைகள் ஆடினார்கள். 85 புள்ளி விட்டுக்கொடுத்த பிறகும் அடுத்த ஆட்டத்துக்குத் தோள்பட்டைக் கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெர்வாங்கரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு இவர்கள்மேல்தான் மதிப்பு அதிகம்.

அந்த டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார். தோற்றதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பணமும் கூட்டமும் பார்த்துத்தான் ஒரு கல்விக்கூடம் ஆட வேண்டுமென்றால் ஆடாமலே இருக்கலாம் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கடைசி ஆண்டு ஆடியவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

மூன்றே ஆண்டுகளில், 1942 டிசம்பர் 2 அன்று, ஆள் இல்லாத அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியில்தான் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினார்கள். ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் அந்த இடத்தில் நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போவேன். மாடம் 1957இல் இடிக்கப்பட்டது. நூலகம் 1970இல் திறந்தது.

1969இல் பல்கலைக்கழக அணி திரும்பி வந்தது. 55ஆம் தெருப் பக்கம் சின்ன மைதானம். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. எங்கள் பிரிவில் புத்தகம் அடுக்க வந்த மாணவன் ஒருவன் அந்த அணியில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப்போட்டு வந்தான். "என்னப்பா, ஜெயிச்சீங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் ட்ராலியை இடது கையால் தள்ளிக்கொண்டு அலமாரிகளுக்கு இடையே போனான்.