மின் இதழ் திறக்கவில்லையா? முதலில் ஐபி முகவரியைப் பாருங்க

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியதும் அரசுக் கல்லூரி நூலகர்களின் பாரம் பெருமளவு இறங்கியது. 30 பதிப்பகங்களின் இதழ்கள் இன்ஃப்லிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பு) வழியாக ஒரே ஏற்பாட்டில் வருகின்றன. முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆகவே கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளுக்குப் பழைய பாடுதான்: பதிப்பகங்களில் ஐஇஇஇ தனி, ஸ்பிரிங்கர் தனி, எல்சேவியர் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகப் பக்கம், ஒரு கடவுச்சொல்.

இதற்கு மென்பொருள் வாங்க அவசரப்பட வேண்டாம். மின் சந்தாக்களை நிர்வகிக்கும் கோரல் மென்பொருள் இலவசம்தான், ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டுமே. பத்துச் சந்தாவுக்குள் என்றால் ஓர் எக்செல் தாள் போதும். சந்தா முடியும் தேதி, கணக்கு எண், பதிப்பகத்தில் பதிந்த ஐபி முகவரிகள் (இணையத்தில் கல்லூரியின் அடையாள எண்கள்; இவற்றிலிருந்து வந்தால்தான் இதழ் திறக்கும்), நிர்வாகக் கணக்கின் மின்னஞ்சல், சந்தா நின்றபின் பழைய இதழ்களைப் படிக்க உரிமை உண்டா என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். மின்னஞ்சல் நூலகத்தின் பொது முகவரியாக இருக்கணும். வேலையை விட்டுப் போனவரின் ஜிமெயிலில் கணக்கு மாட்டிக்கொண்டால் மீட்பது பெரும்பாடு.

'திறக்கவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐபியை. 10., 192.168. என்று தொடங்குபவை வளாகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரிகள். அவற்றைப் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. நூலகம், விடுதி, வைஃபை மூன்றிலிருந்தும் 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்தைத் திறந்து, தெரியும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்க. இணைய இணைப்பு இரண்டு இருந்தால் இரண்டின் நிலையான முகவரிகளையும் பதிய வேண்டும். அப்படியும் இடையில் அறுந்தால், சுமைப் பகிர்வு (இணைப்புகளுக்கிடையே போக்குவரத்தைப் பிரிக்கும் ஏற்பாடு) ஒரே பயனரை இரு இணைப்புக்கும் மாற்றி மாற்றி அனுப்புவது காரணமாக இருக்கலாம். பதிப்பகத் தளங்களை மட்டும் ஒரே இணைப்பில் அனுப்பும்படி ஃபயர்வாலில் (வளாக இணையத்தின் காவல் கருவி) விதி எழுதச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாமல் புதிய வகை முகவரியான ஐபிவி6 இயங்கி, பதிப்பகத்தில் பழைய வகையான ஐபிவி4 மட்டும் பதிந்திருந்தாலும் கதவு திறக்காது.

இன்னொன்று: ஒரு மாணவர் டவுன்லோட் மேனேஜர் போட்டு ஒரு தொகுதியையே இறக்கினால், பதிப்பகம் அந்த ஐபியைப் பூட்டிவிடும். வளாகமே ஒரு முகவரியில் வெளியே போவதால் எல்லோருக்கும் அடைபடும். பூட்டைத் திறக்கப் பதிப்பகம் விளக்கம் கேட்கும். ஃபயர்வால் பதிவுகள் இல்லையென்றால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கோபியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த ஐபி ஏற்பாடு உதவாது. வெளியிலிருந்தும் உள்நுழைய வைக்கும் இஇசட்பிராக்ஸியோ ஓப்பன்ஏதென்ஸோ வேண்டும். கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரும்பாலும் உரிம மீறல்.

பணத்தில் சிக்கல் வேறு மாதிரி. சந்தா பெரும்பாலும் ஜனவரி–டிசம்பர், கணக்குப் பிரிவுக்கு ஏப்ரல்–மார்ச். விலைப்புள்ளியைச் செப்டம்பரிலேயே வாங்காவிட்டால் இறுதியாண்டு புராஜெக்ட் நடக்கும்போது இதழ் நின்றுபோகும்.

எதைத் தொடர்வது என்பதற்கு, இதழ்ப் பயன்பாட்டைப் பதிப்பகங்கள் ஒரே முறையில் எண்ணித் தரும் கவுண்ட்டர் அறிக்கைகளில் டிஆர்_ஜே1 இருக்கிறது. அதில் 'மொத்தக் கோரிக்கை'யை விட்டுவிட்டு 'தனிக் கோரிக்கை'யை எடுங்க. ஒரே கட்டுரையை ஒரே அமர்வில் எச்டிஎம்எல்லிலும் பிடிஎஃப்பிலும் திறந்தால் முன்னது இரண்டாக எண்ணும். 4,00,000 ரூபாய்ச் சந்தா, 2,000 தனிக் கோரிக்கை என்றால் ஒன்றுக்கு 200 ரூபாய். வாங்காத இதழை எத்தனை முறை தட்டிப் பார்த்துத் திரும்பினார்கள் என்பது டிஆர்_ஜே2-இல் வரும். புது இதழ் கேட்டுத் துறைகள் தரும் பட்டியலைவிட நான் அதைத்தான் நம்புவேன்.