செடியே இல்லாத பூச்சி வளர்ப்பறை

பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் பணியாற்றிய, பயிரை அழிக்கும் பூச்சிகளை அவற்றின் எதிரிப் பூச்சிகளைக் கொண்டே ஒடுக்கும் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு செடிகூடக் கிடையாது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களை, அவற்றின் இயல்பான இரையான அசுவினி எனும் சாறுறிஞ்சிப் பூச்சியைக் கொண்டே வளர்க்கலாம். ஆனால் அசுவினிக்குத் தளிர் வேண்டும், தளிருக்குத் தொட்டியும் தண்ணீரும் வெயிலும் வேண்டும், போதாக்குறைக்கு நமக்குத் தேவைப்படும் வாரத்தில்தான் செடி வாடும். ஆகவே அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளையே இரையாகக் கொடுத்துவந்தோம்.

உண்மையில் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அந்துப்பூச்சிக்கே போயிற்று. அதன் புழுக்களுக்கு உணவாக, உடைத்த கம்புத் தானியத்தை 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடேற்றி, தட்டுக்கு இரண்டரை கிலோ வீதம் பரப்பி, 100 கிராம் நிலக்கடலைத் தூளும் சிறிது ஈஸ்ட்டும், உண்ணி வராமலிருக்க நனையும் கந்தகத் தூளும் கலந்து, அதன்மேல் முட்டையைத் தூவினால், ஏறத்தாழ 40 நாட்களில் அந்துக்கள் வெளிவரத் தொடங்கும். அவற்றைப் பிடிக்கும்போது பறக்கும் இறக்கைச் செதில்கள் மூச்சில் ஏறும்; முகக்கவசத்தை அலட்சியம் செய்த என் முதல் ஆண்டின் இருமல் இன்னும் முழுதாக விடவில்லை.

சேகரித்த முட்டைகள் பொரித்துவிடாதபடி புற ஊதா விளக்கில் காட்டியபின் கண்ணாடி இறக்கைப் புழுக்களுக்கு இடுவோம். உருப்பெருக்கியில் பார்த்தால், புழு அரிவாள் போன்ற தாடைகளால் முட்டையைக் கவ்வி உறிஞ்ச, முட்டை சுருங்கி வெறும் தோலாவது தெரியும். இரை குறைந்தால் பக்கத்துப் புழுவையே உறிஞ்சிவிடும் என்பதால், சற்று வளர்ந்ததும் தனித்தனி அறைகளில் பிரித்து வைப்போம். வளர்ந்த பூச்சியோ பரம சாது. தேனும் ஈஸ்ட்டும் புரதமாவும் கலந்த கரைசலே அதற்குப் போதும்.

ஒரு கோடையில் அந்து வளர்க்கும் அறையின் வலை கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து பிரக்கான் குளவிகள் நுழைந்து, அந்துப் புழுக்களைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து முட்டையிட்டன. தென்னங்கருந்தலைப் புழுவுக்கு எதிராக நாங்களே வளர்த்துக் கொடுத்த குளவிகள் அவை. கம்பைக் கிளறியபோது நூலாம்படைக்குள் புழுக்கள் துவண்டு கிடந்தன. தட்டுகளைக் கொட்டி அழித்தோம். அதன்பின் பல வாரங்கள் முட்டைக்குத் தட்டுப்பாடு. வலையைத் தைக்க ஊசியும் நூலுமே போதுமாயிருந்தன என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒருமுறை பருத்தி உழவர் ஒருவர், "ஏனுங்க, இலையையே பார்க்காத பூச்சி எங்க காட்டுல வந்து என்னங்க பண்ணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று பட்டது. அவர் கொண்டுவந்திருந்த அசுவினி மொய்த்த இலையைத் தட்டில் வைத்து, முட்டையைத் தவிர வேறெதையும் தின்றறியாத புழுவொன்றை அதில் விட்டேன். அது தலையை இருபுறமும் ஆட்டியபடி நரம்போரமாக ஊர்ந்து, இரண்டு அசுவினிகளைத் தொடாமலே கடந்து, மூன்றாவது அசுவினி தன் முகத்தில் முட்டியவுடன் கவ்விக்கொண்டது. அவர் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மத்த ரெண்டையும் விட்டுருச்சுங்களே" என்றார்.