மரினா பேயில் நீல வானம் எடுக்க

சிங்கப்பூர் மரினா பேயில் அந்திப் படம் எடுக்கப் போகிறவர்களே, மெர்லயன் (சிங்கத்தலை மீன் சிலை) பக்கம் நிற்காதீர்கள், அங்கிருந்து கேமரா பார்ப்பது கிழக்கை. சூரியன் இறங்குவது மேற்கே, வங்கிக் கோபுரங்களுக்குப் பின்னால். மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலுக்கு முன்னாலுள்ள கரைதான் சரி. ஹீலிக்ஸ் பாலமும் நல்ல கோணம்தான், ஆனால் ஆட்கள் நடக்கிற அதிர்வில் 10 விநாடிப் படம் கலங்கிவிடும்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழும். மறைந்த 15-ஆவது நிமிடத்திலிருந்து 30 வரைதான் நல்ல நீலம். அதற்குள் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் போச்சு.

ஏசி அறையிலிருந்து நேராக எடுத்த லென்ஸில் ஈரம் பூக்கும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கட்டட விளிம்பைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ட்ரைபாட், 2 விநாடி டைமர். ஷட்டர் 4 விநாடியில் தொடங்கி, இருட்ட இருட்ட 15 வரை போகும். எஃப்/16 வைத்தால் விளக்குகள் நட்சத்திரமாக விரியும், ஆனால் படம் மொத்தமும் சற்று மழுங்கும். எனக்கு அது தேவையில்லாத ஆடம்பரம். ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) 3800 கெல்வின் பக்கம். இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் வங்கிகளின் ஒளிரும் பெயர்ப்பலகைகள் வெளுத்துப்போகும், அதற்கென்று 1 விநாடியில் தனிப் படம் எடுத்துப் பிறகு சேர்க்கலாம்.

மரினா பே சாண்ட்ஸ் முன் நடக்கும் இரவு 8 மணி ஒளிக்காட்சிக்குக் காத்திருந்தால், பெரும்பாலும் வானம் கறுத்துவிட்டிருக்கும்.