பலோமாவைப் பற்றிய ஒரு வாக்கியம்

பிக்காசோவின் அரசியல் பணி குறித்து எங்கள் மாத இதழுக்கு மூத்த தோழர் ஒருவர் எழுதிய கட்டுரையில் நான் கைவைத்தது ஒரே ஒரு வாக்கியத்தில்தான் என்றாலும், அதையொட்டி அவரோடு நடந்த பேச்சு இன்னும் என்னை விட்டபாடில்லை. 1937-இல் குவெர்னிகா என்னும் போர் எதிர்ப்பு ஓவியம், 1944-இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி, 1949 ஏப்ரலில் பாரிஸ் சமாதான மாநாட்டுச் சுவரொட்டியில் புறா என்று வரிசையாகச் சென்ற அந்தக் கட்டுரை, அதே மாதம் பிறந்த மகளுக்கும் அவர் புறாவின் பெயரையே, பலோமா என்று, சூட்டியதை நெகிழ்ந்து எழுதியிருந்தது. அப்படியானால், 1964-இல் பிள்ளைகளின் தாய் பிரான்சுவாஸ் ஜிலோ அவரோடு வாழ்ந்த வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டபின், பலோமாவையும் அண்ணன் குளோதையும் அவர் பார்க்கவே மறுத்துவிட்டதையும் ஒரு வரி சேர்க்கலாமே என்றேன்.

“நீங்கள் கேட்பது அவருடைய அரசியலையா, குடும்பத் தகராறையா, தோழர்?” என்றார்.

“மகளைக் கட்டுரைக்குள் அழைத்து வந்தது நீங்கள்தானே, தோழர்” என்றேன்.

சர்வாதிகாரி பிராங்கோ ஆளும்வரை தாய்நாடான ஸ்பெயினுக்குத் திரும்புவதில்லை என்றிருந்து, 1973-இல் பிராங்கோவுக்கு முன்பே இறந்துபோனவர் பிக்காசோ. குவெர்னிகாவும் 1981-இல்தான் அந்த மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிடிவாதத்தைப் போற்றுகிறவர்கள் அதை வீட்டு வாசலில் கழற்றி வைக்கச் சொல்ல முடியாது என்பது தோழரின் வாதம். பிராங்கோவிடம் காட்டிய பிடிவாதத்துக்கு அவரே விலை கொடுத்தார், பிள்ளைகளிடம் காட்டியதற்கோ இறுதிச் சடங்கில்கூட அனுமதிக்கப்படாத பிள்ளைகள் கொடுத்தார்கள் என்று எனக்குப் பின்னர்தான் தோன்றியது. அன்றே தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே. அச்சுக்குப் போகும் நேரத்தில் பேச்சில் வெல்வதற்காகவே நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேனோ என்றும் சில நேரம் நினைக்கிறேன். தாய் எழுதிய புத்தகத்துக்குப் பதினைந்து வயதுப் பெண் என்ன செய்வாள் என்ற கேள்வி மட்டும் எந்த வாதத்துக்கும் அசைவதாக இல்லை.

முடிவில் பலோமாவின் பிறப்பைச் சொன்ன வாக்கியத்தையே நீக்கினேன். பாதி உண்மையைவிட மௌனம் நேர்மையானது என்பது அப்போது நான் சொன்ன காரணம். தோழரும் உடனே ஒப்புக்கொண்டார். அவர் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டதுதான் உறுத்துகிறது: பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி வாதாடிய நானே அவர்களை முழுவதுமாக வெளியேற்றியிருந்தேன். காலியான அந்த இடத்தில், 1962-இல் பிக்காசோவுக்கு லெனின் சமாதானப் பரிசு கிடைத்த செய்தியைச் சேர்த்து, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினோம்.