கோழி ஃபோ: மூன்று ஞாயிறு, மூன்று பானை

வியட்நாமின் சைகோனுக்கு வேலை மாற்றலாகி வந்து நான்கு மாதம் கழித்துத்தான் முதல் கிண்ணம் ஃபோ சாப்பிட்டேன். அரிசி நூடுல்ஸில் சூடான சூப்பை ஊற்றித் தரும் இந்த ஊர்ச் சாப்பாடு அது. காலை ஏழு மணி, ஒரு சந்துக்கடை, முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி. நமக்கு இட்லி எப்படியோ, இங்கே பலருக்கு ஃபோ அப்படி. மாட்டுக்கறி சாப்பிடும் வழக்கம் எனக்கில்லை, அதனால் 'ஃபோ கா', அதாவது கோழி ஃபோ. அதைக் கேட்டு வாங்குவதற்குள் வியர்த்துவிட்டது. தட்டையாக 'ஃபோ' என்றால் யாருக்கும் புரியவில்லை. கேள்வி கேட்பதுபோல் குரலை இறக்கி ஏற்ற வேண்டும். அந்தத் தொனியின் பெயரே 'ஹோய்', கேட்பது என்று அர்த்தம்.

பார்வைக்கு வெந்நீர்தான். வாயில் வைத்தால் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு. அட, நம் பிரியாணிச் சாமான்! இதை வீட்டிலேயே செய்துவிடலாமே என்று தோன்றியது. முதல் பானையைக் கெடுத்தது அந்த நினைப்புதான்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ட்ருவாங் டின் தெருவில் அந்தக் காலத்துத் தமிழர்கள் கட்டிய கோயில். பென் தான் சந்தை அங்கிருந்து நடக்கும் தூரம். திரும்பும்போது சாமான் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிலோவில் ஒரு முழுக்கோழி, நான்கு லிட்டர் தண்ணீர். கை பழக்கத்தில் எண்ணெய் ஊற்றி, பத்து அன்னாசிப்பூ, நான்கு துண்டுப் பட்டை, கொஞ்சம் தாராளமாகவே கிராம்பு எல்லாம் போட்டுத் தாளித்தேன். மூடி போட்டு முழுத்தீயில் இரண்டு மணி நேரம். வந்தது என்னவோ பிரியாணி அண்டாவைக் கழுவி ஊற்றிய தண்ணீர். இந்த ஊர்ப் பட்டையின் வாசனை, நம் கடைகளில் கிடைப்பதைவிடப் பல மடங்கு தூக்கல் என்பது அன்றுதான் தெரிந்தது.

வாசனை கீழ்வீடு வரை போயிருக்கிறது. வீட்டுக்கார அம்மா படியேறி வந்துவிட்டார். அவரை நான் 'கோ' என்று கூப்பிடுகிறேன். அத்தை என்று பொருள். இங்கேயும் முன்பின் தெரியாதவரைக்கூட முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். 1954இல் நாடு இரண்டானபோது ஹனோயிலிருந்து தெற்கே வந்தவர்கள் அவருடைய பெற்றோர். கரண்டியில் ஒரு வாய் எடுத்துக் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் மூன்று விரலைக் காட்டினார். மூன்று அன்னாசிப்பூ போதுமாம்.

அப்புறம் கைபேசி மொழிபெயர்ப்பின் தயவில் பாடம் நடந்தது. ஃபோ வடக்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. அப்போது மாட்டிறைச்சி ஃபோ மட்டும்தான். 1939 வாக்கில் திங்களும் வெள்ளியும் சந்தையில் மாட்டிறைச்சி விற்கக்கூடாது என்று வந்தபோது கடைக்காரர்கள் கோழிக்கு மாறினார்கள். கோழியின் ருசி மெல்லியது, மசாலா அதை அமுக்கக்கூடாது என்பது கோவின் கட்சி.

இரண்டாம் ஞாயிறு. எண்ணெய் கிடையாது. மூன்று அன்னாசிப்பூ, ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு கரண்டி மல்லி. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துத் துணியில் முடிந்து வைத்தேன். இரண்டு வெங்காயத்தையும் ஒரு பெரிய இஞ்சியையும் கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவதுபோல் அடுப்பில் நேரடியாகச் சுட்டு, கருகிய தோலைத் தேய்த்து எடுத்தேன். சூப்பின் இனிப்பும் பொன்னிறமும் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. மணம் இந்தத் தடவை சரியாக இருந்தது. ஆனால் அவசரப்பட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டதில் சூப் அரிசி களைந்த நீர் போலக் கலங்கிவிட்டது. பொங்கிக் கொதித்தால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து நீரோடு கலந்துவிடுகிறது, அப்புறம் எந்தத் துணியில் வடிகட்டினாலும் தெளியாது. கோழியோ வெந்து வெந்து பஞ்சாகிவிட்டது.

மூன்றாம் ஞாயிறு காலை ஐந்தரைக்கே அடுப்பைப் பற்றவைத்தேன். மூடியில்லை, ஓரத்தில் இரண்டு குமிழி வந்தால் போதும் என்ற அளவுக்குத் தீ. வரும் நுரையை அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் கோழியை வெளியே எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கினேன். இது கோவின் யோசனை. தோல் சுருங்காமல் மஞ்சளாக விறைத்து நிற்கிறது. கறியைப் பிரித்து வைத்துவிட்டு எலும்பை மட்டும் மறுபடி பானையில் போட்டேன். இன்னும் இரண்டு மணி நேரம். மசாலா முடிச்சு கடைசி அரைமணிக்கு மட்டும். ஒரு துண்டு கற்கண்டு, உப்பு, இறக்கும்போது நுவோக் மாம். நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்கும் மீன் சாறு அது. தனியாக முகர்ந்தால் கருவாட்டுக் கடை. சூப்பில் விழுந்ததும் அந்த வாடை போன இடம் தெரியவில்லை.

பானைக்குள் பார்த்தால் அடி தெரிந்தது. ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

சொதப்பல் வேறு இடத்தில் வந்தது. முந்தின நாளே வாங்கிய அரிசி நூடுல்ஸைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அது விறைத்துப்போய், வெந்நீரில் போட்டதும் பாதி உடைந்து பாதி ஒட்டிக்கொண்டது. அன்றன்றைக்கு வாங்கி, கொதிநீரில் சில நொடிகள் முக்கி, நன்றாக உதறி வடிக்க வேண்டுமாம்.

கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே கறி, வெங்காயத்தாள், நூலாக நறுக்கிய எலுமிச்சை இலை, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சூப். இந்த ஊர் வழக்கப்படி முளைகட்டிய பயறும், நம் திருநீற்றுப்பச்சிலை இனத்துத் துளசியும் ஒரு தட்டில் வைத்தேன். கோ அந்தத் தட்டைச் சுண்டுவிரலால் என் பக்கம் தள்ளினார். வடக்கத்தி வீட்டில் பயறெல்லாம் கிடையாதாம், சூப்பின் சூட்டை அது குறைத்துவிடுமாம். எனக்குப் பயறு பிடித்திருந்தது. போட்டுக்கொண்டேன்.

கோ சூப்பை மிச்சம் வைக்கவில்லை, நூடுல்ஸைப் பாதி வைத்துவிட்டார். நியாயம்தான்.

பானையில் ஒரு லிட்டர் மீந்தது. ராத்திரி அதைச் சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்து, தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து வந்த மாவடு. இதை இன்னும் கோவிடம் சொல்லவில்லை.